ஜவ்வாது மலைக்குத் தனியாகக் கிளம்பும் முன்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் தாண்டி மலையேறி, ஜமுனாமரத்தூர், காவலூர் வழியாக ஆலங்காயத்தில் இறங்கி, வாணியம்பாடியில் பெங்களூர் ஹைவேயைப் பிடித்து வீடு திரும்புவது. இதுதான் என் பைக் ரூட். தார் ரோடுதான். ஆனால் காட்டுக்குள் பல இடங்களில் டவர் கிடைக்காது, பஞ்சர் கடை கண்ணில் படாது. துணைக்கு இன்னொரு வண்டி இருந்தால் ஆளைக் கூட்டிவர அனுப்பலாம். தனியாகப் போகிறவளுக்கு அது கிடையாது. அதனால் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை என்று முடிவு பண்ணினேன்.

என் வண்டி ஸ்போக் வீல், டியூப் டயர். டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். இதில் சக்கரத்தையே கழற்றணும். சத்துவாச்சாரியில் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? போன் பண்ணு, நான் வரேன்."

"அங்க டவர் இல்லண்ணா."

ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டார்.

டயர் கழற்றுவதில் சூட்சுமம் எல்லாம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்க டயர் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் காலால் அமுக்கினால், டயரை நெம்பும் லீவர் போட்ட பக்கம் இளகிக் கொடுக்கும். ஒட்டுப் போடும் இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்கணும். ஈரத்தோடு ஒட்டினால் பேட்ச் பிடிக்காது. குத்தின முள்ளோ ஆணியோ டயருக்குள்ளேயே இருக்கும், துணியை வைத்துத் தடவி எடுத்துவிடணும். திரும்ப மாட்டும்போது டியூபில் கொஞ்சம் காற்று இருக்கணும், இல்லாவிட்டால் லீவர் அதைக் கவ்விக் கிழித்துவிடும். வீட்டு வாசலில் யார் உதவியும் இல்லாமல் முழுசாகச் செய்து பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

புது கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்துக் கட்டி ஓடவிடச் சொன்னதும் அவர்தான். அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். அருமையான யோசனை. அறுந்த செயினை இணைக்கும் செயின் லாக், ஸ்பார்க் பிளக், கைப்பம்பு, தண்ணீர், ஆஃப்லைன் மேப் எல்லாம் பையில். பெட்ரோல் போளூரிலேயே ஃபுல் டேங்க்.

ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு மண்பாதையில் வண்டியை இறக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்பதும் அப்படித்தான். காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதென்றால் அங்கே இருட்டு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது ஒரு துண்டுத்தாள். போளூர், ஜமுனாமரத்தூர், ஆலங்காயம் என்று எழுதி, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் ஆலங்காயத்தில் மாமாவை எப்போது கிளப்ப வேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, "மாமாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடறேன்" என்று போனை எடுத்தாள்.