9 மில்லிமீட்டர்

ஜூலை 6
மட்டை அரிசிச் சோறு இரண்டாம் கவளத்திலேயே நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்றுவிட்டது. மேலே குடித்த தண்ணீரும் திரும்பி வந்தது. உணவுக்குழாயின் உள்விட்டம் 13 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே கெட்டியான உணவு சிக்கத் தொடங்கும் என்கிறார்கள். எனக்கு 9.

ஜூலை 7
பயாப்சி முடிவு வந்தது. புற்று இல்லை. பல ஆண்டுகளாக அமிலம் மேலேறிப் புண்ணாக்கியதால் இறுகிய தழும்பு மட்டுமே.

ஜூலை 9
சுருக்கத்தை விரிக்கக் கோயம்புத்தூர் மருத்துவர் பலூன் என்கிறார், திருச்சூர் மருத்துவர் சாவரி என்கிறார், இருவருக்கும் நடுவே கொழிஞ்சாம்பாறையில் நான் உறக்கமின்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாவரி என்பது முனை நோக்கிச் சிறுத்துவரும் பாலிவினைல் தண்டு. எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியாக ஒரு கம்பியை இரைப்பை வரை செலுத்தி, ஸ்கோப்பை வெளியே எடுத்தபின், அந்தக் கம்பியின் மேல் தண்டுகளைப் பருமன் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவார்கள். தண்டு நெட்டுவாக்கில் உரசிக்கொண்டே பக்கவாட்டிலும் விரிக்கும். பலூனோ சுருக்கத்துக்குள் நுழைந்த பிறகு தண்ணீர் ஏற்ற ஏற்றச் சுற்றிலும் மட்டுமே விரியும், மருத்துவர் அதை ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம். கண்ணுக்குப் பலூன், கைக்குத் தண்டு. எதிர்ப்பு கையில் தட்டுப்படும் முறைமீதுதான் எனக்கு நம்பிக்கை. தண்டைக் கிருமி நீக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். பலூன் ஒரு முறைக்கு உரியது, பில்லில் தனி வரியாக வரும்.

ஜூலை 10
அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை, வெறும் வயிற்றில்.

ஜூலை 13
நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பலனிலும் சரி, ஆபத்திலும் சரி, தெளிவான வேறுபாடு தென்படவில்லை. அப்படியானால் எதற்காக நான் விழித்துக் கிடக்கிறேன்? தண்டு தடைபட்டபின் ஒரே அமர்வில் ஒவ்வொரு மில்லிமீட்டராக மூன்று படிக்கு மேல் ஏறக்கூடாது என்ற பழைய விதி மட்டும் மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது. பலூனில் தடை கைக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 17
மலையாள மாதமான கர்க்கடகம் பிறந்தது. ஊரே மருந்துக்கஞ்சி குடிப்பதால் என் கிண்ணத்தைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை.

ஜூலை 21
மழையோடு வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் போனோம். பலூன்தான். 10, 11, 12. அதற்கு மேல் இன்று வேண்டாமென்று மருத்துவர் நிறுத்திக்கொண்டார். குழாய் கிழிந்து காற்று கசிந்தால் கழுத்துத் தோலுக்கடியில் நறநறவென்று தட்டுப்படும் என்று படித்திருந்ததால், வீடு திரும்பும் வரை விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. "இன்னும் எத்தனை தடவைதான் அமுக்கிப் பார்ப்பீங்க?" என்று மனைவி சலித்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை, முதுகுவரை பாயும் வலியும் இல்லை.

ஜூலை 23
இரண்டு இட்லி! சட்னியோடு!

ஆகஸ்ட் 3
இட்லி மீண்டும் தயங்குகிறது. இரண்டு வார இடைவெளியில் ஐந்து அமர்வுகள் செய்தும் 14 மில்லிமீட்டரை எட்டாவிட்டால் அது பிடிவாதமான சுருக்கம் என்று 2005இல் வகுத்த வரையறையை இன்று பலமுறை வாசித்தேன்; அந்த நிலையில் தழும்புக்குள்ளேயே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு விரிப்பார்களாம். நாளை 12இலிருந்து தொடங்கி 13.5 வரை போகலாம் என்கிறார் கோயம்புத்தூர் மருத்துவர். திருச்சூர் மருத்துவரிடமும் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன?