ஈரக்கால்: ஏழு ஆட்டம் கழித்துக் கிடைத்த பெயர்

நேற்று இரவு 11 மணிக்கு மேல், பாம்பனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், அந்தச் சொல் மூன்றாவது வாயிலிருந்து வந்து விழுந்தது. ஈரக்கால். நான் ஒன்றும் பேசாமல் மூன்றாவது தக்கையை எடுத்துப் பெயர்த் தாளின் மேல் வைத்தேன். நான்கு பேரும் தக்கையைப் பார்த்தார்கள். பிறகு ஒரே கூச்சல். கீழே அம்மா விளக்கைப் போட்டுவிட்டார்.

நாங்கள் ஆடும் கதையாட்டத்தில் வரும் திருட்டுக் கும்பலுக்குத்தான் அந்தப் பெயர். ஏழு ஆட்டம் ஆகியிருக்கிறது, ஒரு பெயருக்கு.

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்தும் ஆட்டம் இது. கதையை நடத்துபவன் நான். விதிகள் சைபர்பங்க் ரெட். நகரம் என் சொந்தச் சரக்கு. 2078 இல் பாம்பன். கடல் ஏறித் தீவு பாதியாகச் சுருங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மட்டும் இன்னும் ஓடுகிறது. ஒரு நிறுவனம் சுங்கம் வாங்கிக்கொண்டு அதை ஏற்றி இறக்குகிறது. கும்பலில் நால்வர்: சோலோ (சண்டைக்காரர்), நெட்ரன்னர் (கணினிக்குள் ஊடுருவுபவர்), டெக் (கருவிகளைச் செய்பவர்), நோமாட் (வண்டி ஓட்டுபவர்). நோமாடுக்கு லாரிக்குப் பதிலாக வல்லம் என்ற படகைக் கொடுத்திருக்கிறேன். சோலோவாக ஆடுபவர் நிஜத்தில் விசைப்படகு டிரைவர். ஆகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்தான் எங்களுக்கு ஆட்டக்காலம். அதற்குள்ளும் வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று அவருக்கு ஆயிரம் வேலை.

முதல் ஆட்டத்திலேயே நான் செய்த தவறு, "உங்கள் கும்பலுக்கு என்ன பெயர்?" என்று கேட்டது. பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற இன்னொரு கதையாட்டம் ஆடிய பழக்கம். 2017 இல் வந்த அந்த ஆட்டத்தில் கும்பலுக்கென்றே தனித் தாள் உண்டு, அதில் பெயருக்கு ஓர் இடமும் உண்டு. அதைப் பார்த்து நானும் ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தேன். நாற்பது நிமிடம் வீண். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி சொன்ன பெயர்கள் எல்லாம் கோயில் திருவிழாக் கபடிக்கு வரும் அணிகள்போல் இருந்தன. இந்தக் கரையில் 'கடல்' என்ற சொல்லோடு எந்த விலங்கைச் சேர்க்கக் கூடாது என்பது வேறு எல்லோருக்கும் தெரியும். கட்டம் காலியாகவே கிடந்தது.

இரண்டாம் ஆட்டத்துக்கு அட்டவணை போட்டேன். பத்து அடைமொழி, பத்துப் பெயர்ச்சொல், இரண்டு பகடை. 'துருப்பிடித்த நண்டு' வந்தது. நன்றாகச் சிரித்தோம். அடுத்த மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூட அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. உச்சரிக்க இடமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. தரகரிடம் பேசும்போது "நான்தான்" என்கிறார்கள். காவலாளியிடம் பேசுவதே இல்லை. தங்களுக்குள் "நாம்". திருடப் போகிறவன் எந்த வாசலில் நின்று பெயர் சொல்வான்?

இடையில் இன்னொரு தலைவலி, கும்பலைத் தமிழில் என்ன சொல்வது என்பது. 'கும்பல்' போலீசும் செய்தித்தாளும் சொல்வது. எந்தக் கும்பலும் தன்னைக் கும்பல் என்று சொல்லிக்கொள்ளாது. 'குழு' என்றால் மகளிர் சுயஉதவிக் குழு நினைவுக்கு வருகிறது. 'கோஷ்டி' கட்சி அலுவலகத்தில்தான் பொருந்தும். டிரைவர் மாப்பிள்ளை சொன்னதுதான் சரி: "படகில் நாங்கள் 'ஆட்கள்' என்றுதான் சொல்வோம்." அதையே வைத்துக்கொண்டோம்.

பூட்டைத் திறந்ததும் அவர்தான். அவர் ஓட்டும் படகின் முகப்பில் பெரிதாக ஒரு புனிதரின் பெயர் எழுதியிருக்கிறது. இறங்குதளத்தில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பட்டப்பெயரைச் சொல்லி 'இன்னார் படகு' என்கிறார்கள். எழுதிய பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் வேறு. அப்படியானால் கட்டத்தை நிரப்ப வேண்டியவர்கள் கும்பல்காரர்கள் அல்லர், அவர்களைப் பார்த்தவர்கள்.

இங்கிருந்துதான் பெயர்த் தாள் பிறந்தது, என் தூக்கமும் போனது.

முறை இதுதான். ஒரு வேலை முடிந்ததும் ஊர் என்ன பேசுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். டீக்கடை, ஐஸ் ஆலை, சோதனைச் சாவடி என்று இடத்தை மட்டும் சொல்வேன். அந்தச் சம்பவத்தில் இல்லாத பாத்திரத்தின் ஆட்டக்காரர், அந்த இடத்து ஆளாக மாறி இரண்டு வாக்கியம் பேச வேண்டும். பார்த்ததைத்தான் பேசலாம். ஒரே சொல் மூன்று வெவ்வேறு வாயிலிருந்து வந்தால் அது பெயர். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வலைத் தக்கை.

கேட்க எளிதாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி முதல் நாளே 'மின்னல்' என்ற சொல்லைத் திணிக்கப் பார்த்தான். ஆகவே தடயச் சீட்டு கொண்டுவந்தேன்: யாராவது சொதப்பினால் அங்கே என்ன மிஞ்சியது என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போடுவது, பேசுபவர் ஒன்றை உருவி அதை வைத்துப் பேசுவது. தோற்ற பகடை ஒவ்வொன்றுக்கும் எழுதியதில் ஒரே இரவில் 15 சீட்டு சேர்ந்தது. அத்தனை சீட்டில் ஒரே சொல் மறுபடி எப்படி வரும்? பிறகு பத்துமுகப் பகடையில் 1 விழுந்தால் மட்டும் எழுதுவது என்று சுருக்கினேன். 1 விழுந்தால் இன்னொரு முறை உருட்டிக் கழிப்பது எப்படியும் விதியில் இருக்கிறது. சொதப்பல் கண்ணுக்குத் தெரிகிற தருணமும் அதுதான். பத்தில் ஒன்று, நாற்பது உருட்டலுக்கு நான்கு சீட்டு. அளவு சரி.

அப்படியும் பெயர் வரவில்லை. சீட்டில் நான் எழுதிய தமிழ் காரணமோ என்று நினைத்தேன். 'மர்மமான நிழல்' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தேன். அதை உருவியவர் பேச ஒன்றுமில்லாமல் விழித்தார். அடைமொழி எல்லாம் தள்ளி, கையால் தொடக்கூடியதை மட்டும் எழுதினேன்: டீசல் வாடை, அறுந்த செருப்பு, தரையில் ஈரக் கால்தடம். கொஞ்சம் மேம்பட்டது. ஆனாலும் ஒரு சொல்லும் இரண்டாம் முறை வரவில்லை. ஐந்தாம் ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் கண்டுபிடித்தேன். உருவிய சீட்டை நான் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்! சீட்டைத் திரும்ப டப்பாவில் போடாமல் அதே சொல் எப்படித் திரும்பும்? இந்த அறிவுக்கு எனக்கு ஒரு மாதம் ஆனது. கிழித்ததை எல்லாம் நினைவிலிருந்து மறுபடி எழுதிப் போட்டேன்.

கால்தடம் மூன்றாம் ஆட்டத்துச் சரக்கு. மண்டபத்துத் தரவுக் கிடங்குக்கு நோமாட் கடல் வழியாக நீந்தி வந்தான், பதுங்குவதற்கு உருட்டினான், 1. பளிங்குத் தரையில் சொட்டச் சொட்ட நடந்து போனான். ஐந்தாம் ஆட்டத்தில் மாப்பிள்ளை காவலாளியாகப் பேசினார்: "ஐயா, ஆளைப் பார்க்கவில்லை, ஈரக் கால்தடம்தான் இருந்தது." ஆறாம் ஆட்டத்தில் என் சித்தி மகள் தரகராகப் பேசினாள்: "அந்த ஈரக்கால் ஆட்களா? பாதிப் பணம் முன்னால் வாங்காமல் அசைய மாட்டார்கள்." நேற்று, ஐஸ் ஆலையில் கணக்கு எழுதும் அண்ணன் சாவடி ஏட்டாக உட்கார்ந்து வழக்கு எழுதினார். "பெயர் தெரியவில்லையா? ஈரக்கால் என்று எழுது, போதும்." தடம் தேய்ந்து கால் ஆகி, கால் ஆளாகிவிட்டது. இதை நானே முதல் நாள் சூட்டியிருந்தால் ஒருவரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாம் ஆட்டத்தில் பொறுமை இழந்து, 'பாம்பன் கும்பல் மீண்டும் கைவரிசை' என்று ஒரு செய்தித்தாள் துண்டு தயாரித்து மேசையில் போட்டேன். கணக்கு அண்ணன் அதைத் தள்ளி வைத்தார். "தம்பி, ஊர்ப் பெயரையும் கூட்டத்தின் பெயரையும் குற்றத்தோடு ஒட்டுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதா?" என்றார். 1871 இல் வடக்கே தொடங்கி 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் சொன்னார். நான்கு பேர் செய்த திருட்டுக்குப் பிறந்த குழந்தை முதல் கைரேகை வைக்கக் காத்திருக்கும் கிழவர் வரை பொறுப்பாக்கிய சட்டம். துண்டைக் கிழித்தேன். இப்போது விதியாகவே எழுதி வைத்திருக்கிறேன்: பெயர் செயலிலிருந்து வரலாம், ஊரிலிருந்தும் பிறப்பிலிருந்தும் வரக் கூடாது.

சித்தி மகளுக்கு மட்டும் இந்த முறையில் முழுச் சம்மதம் இல்லை. கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவள், நெட்ரன்னர் பாத்திரமும் அவளுடையது. "அண்ணே, திருடுகிறவனுக்குப் பெயர் சுமை. மிரட்டிப் பணம் பறிக்கிறவனுக்குப் பெயர்தான் முதல்" என்றாள். கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் தாங்களே பெயர் வைத்துக்கொள்கின்றன. பணம் கொடுத்தால் திறந்துவிடுவார்கள் என்று மாட்டிக்கொண்டவன் நம்ப வேண்டும் அல்லவா? 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தை முடக்கிய டார்க்சைடு, கெடுபிடி ஏறியதும் கடையை மூடியது. ஜூலையில் பிளாக்மேட்டர் என்று ஒன்று கிளம்பியது. ஆய்வாளர்கள் இரண்டிலும் ஒரே சாயலைக் கண்டார்கள். உளவு பார்க்கும் கூட்டங்களின் கதை நேர்மாறு. அவை பெயரே சொல்வதில்லை, துரத்துகிறவர்கள் வைக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொன்றாக. ஏபிடி28 என்பதும் ஃபேன்சி பியர் என்பதும் ஒரே கூட்டம். மைக்ரோசாஃப்ட் அதையே ஸ்ட்ரான்ஷியம் என்றது, 2023 இல் ஃபாரஸ்ட் பிளிசார்டு என்று மாற்றியது. இதைக் கேட்டதும் என் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு நிறுவனங்கள் எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் வைத்து, இரண்டு கும்பல் என்று நினைத்துத் தேடினால்? அடுத்த தடைக்காலத்துக்கான கதை அது. இப்போது வேண்டாம்.

பகடை பற்றியும் புலம்பிவிடுகிறேன். ஆசைப்பட்டு வாங்கிய உலோகப் பத்துமுகப் பகடைகள் உப்புக் காற்றில் முலாம் உரிந்து, 7 எது 1 எது என்று தெரியாமல் போயின. 1 விழுந்தால்தான் சீட்டு என்கிற ஆட்டத்தில் இது பெரிய வழக்கு. விற்றவர் "உலர்ந்த இடத்தில் வையுங்கள்" என்றார். பாம்பனில் உலர்ந்த இடத்துக்கு நான் எங்கே போவது? இனி அக்ரிலிக்தான். ஜெராக்ஸ் கடையில் பெயர்த் தாளை ஐம்பது பிரதி எடுத்ததில் மூன்றாவது பத்தி விளிம்போடு வெட்டுப்பட்டு வந்தது தனிக் கதை. ஒரே ஆறுதல், கச்சான் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மாப்பிள்ளை கொடுத்த ஈயக்குண்டுகள். பழைய வலையில் கழற்றியவை. எந்தக் கடையில் விற்கும் எடைக்கல்லும் இதன் கிட்டே வராது.

பெயர் வந்ததும் அடுத்த சிக்கல் உட்கார்ந்துவிட்டது. ரெட் விதியில் புகழ் எண் தனி ஆளுக்கு மட்டும்தான். நேருக்கு நேர் முறைத்து நிற்கும்போது கூல் (பாத்திரத்தின் மிடுக்குக்கான எண்), புகழ், ஒரு பத்துமுகப் பகடை, மூன்றையும் கூட்டுகிறோம். தோற்றவர் பின்வாங்க வேண்டும். இல்லையேல் அந்த எதிராளியை ஒருமுறை வெல்லும்வரை அவருக்கு எதிரான செயல்களில் 2 குறையும். 'நாங்கள் ஈரக்கால்' என்று வாய்விட்டுச் சொன்னால் 1 கூடும், ஆனால் துரத்துகிறவர்களின் நெருக்கடியைக் கணக்கு வைக்கும் கெடுபிடிப் பட்டையில் ஒரு கட்டம் நிரம்பும் என்று எழுதிப் பார்த்தேன். பட்டைக்கு எத்தனை கட்டம்? பிளேட்ஸில் 9. எங்கள் ஆட்டத்தின் வேகத்துக்கு 6 போதும் என்று தோன்றுகிறது. உருட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இதற்குள் தம்பி, வல்லத்தின் முகப்பில் 'ஈரக்கால்' என்று எழுத வேண்டும் என்று நிற்கிறான். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுது தம்பி, சாவடியில் அடையாளம் காட்டும் வேலையாவது மிச்சம்" என்றார். வாக்கெடுப்பு இரண்டுக்கு இரண்டு. 15ஆம் தேதி அதிகாலை அவர் கடலுக்குப் போகிறார், மறுநாள் மீன் இறக்கித் தூங்கி எழுந்தபிறகுதான் மாடிக்கு வருவார். அதற்குள் அக்ரிலிக் பகடை வந்து சேர வேண்டும்.