நான்சி சொல்ல வேண்டிய வாழ்த்து

2005 டிசம்பரில் என் பெயர் நான்சி. இரவு ஏழரைக்கு லாகின் செய்வதிலிருந்து விடியற்காலை நாலரைக்கு ஹெட்செட்டைக் கழற்றும்வரை அப்படித்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கால் சென்டர். அமெரிக்காவில் கேட்டலாக் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்களின் புகார்கள் எல்லாம் எங்களுக்கு வரும். போர்வை வந்து சேரவில்லை, ஸ்வெட்டர் சைஸ் சரியில்லை, பேரனுக்கு அனுப்பிய பொம்மை ரயிலில் ஒரு பெட்டியைக் காணோம். அந்த மாதம் சென்னையை மழை பிடித்துக்கொண்டிருந்தது. வேளச்சேரியில் எங்கள் கேப் பம்பர் அளவு தண்ணீரில் நீந்தி வரும். முழங்கால்வரை நனைந்த சுடிதாரோடு உட்கார்ந்துகொண்டு, ஒஹையோவில் பனி அதிகமா என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு போன் காலுக்கும் தொடக்கத்தையும் முடிவையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நடுவில் கொஞ்சம் முன்னே பின்னே பேசினால் மன்னிப்பு உண்டு. ஓபனிங்கும் குளோசிங்கும் மட்டும் எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். நவம்பர் கடைசியில் அமெரிக்கர்கள் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் முடிந்த வாரம் குளோசிங்கில் இரண்டு சொற்கள் புதிதாகச் சேர்ந்தன: ஹேப்பி ஹாலிடேஸ். மெர்ரி கிறிஸ்மஸ் சொல்லவே கூடாது. சொன்னால் அந்தக் காலுக்கு மொத்தமாகவே பூஜ்யம். அதற்கு 'ஃபேட்டல்' என்று பெயர்.

ட்ரெய்னர் காரணத்தையும் சொன்னார். "கஸ்டமர் யூதரா இருக்கலாம், முஸ்லிமா இருக்கலாம், எந்தச் சாமியும் கும்பிடாதவரா இருக்கலாம். ஹாலிடேஸ்னு சொல்லிட்டா எல்லாருக்கும் பொது." எங்களுக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் கஷ்டம் வேறு. நம்மூரில் பெரும்பாலும் ஹேப்பி கிறிஸ்மஸ்தான், மெர்ரி யார் வாயிலும் அவ்வளவாக வராது. அதனால் 'ஹேப்பி' என்று தொடங்கினாலே பின்னால் 'கிறிஸ்மஸ்' தானாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முதல் இரண்டு நாள் பாதிப் பேர் "ஹேப்பி கிறி... ஹாலிடேஸ்" என்று தடுக்கி விழுந்துகொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் டெக்சஸிலிருந்து ஒருவர் பேசினார். மகளுக்கு வாங்கிய கோட் எப்போது வரும் என்று கேட்டார். தேதியைச் சொன்னேன், சந்தோஷப்பட்டார். குளோசிங்கை வாசித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எந்த ஹாலிடே?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

"எந்தப் பண்டிகைக்காக நான் இந்தக் கோட்டை வாங்கினேன் என்று நினைக்கிறாய்? அதன் பெயரைச் சொன்னால் உங்கள் கம்பெனிக்கு வாய் வெந்துவிடுமா?" நான் மியூட்டில் போட்டுவிட்டு டி.எல்., அதாவது டீம் லீடர், முகத்தைப் பார்த்தேன். அவர் காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்: எழுதியிருப்பதை வாசி. வாசித்தேன். அதே வரி, அதே இனிமையான குரல். டெக்சஸ்காரர் போனை வைத்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு தினமும் இரண்டு மூன்று கால்களாவது இப்படி வரும். ஷிஃப்ட் முடிந்து கேப் வரும்வரை கிடைக்கிற நேரத்தில் நெட்டில் தேடிப் படித்தேன். அந்த வருடம் அங்கே இது பெரிய சண்டையாக நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் மேல் போர் தொடுத்துவிட்டார்கள் என்று ஃபாக்ஸ் நியூஸில் பில் ஓ'ரைலி முழங்கிக்கொண்டிருந்தார். டார்கெட் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு கையெழுத்து வாங்கியது. அதே டிசம்பரில் டார்கெட் இறங்கி வந்து, விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் என்ற சொல் இடம்பெறும் என்றது. அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தில் வைக்கிற மரத்தை 90களிலிருந்து 'ஹாலிடே மரம்' என்று சொல்லிவந்திருக்கிறார்கள். அந்த வருடம் சபாநாயகர் டென்னிஸ் ஹேஸ்டர்ட் தலையிட்டு அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பழைய பெயரையே வைக்கச் சொன்னார். அதிபர் புஷ் அனுப்பிய வாழ்த்து அட்டையிலும் 'ஹாலிடே சீசன்' என்றுதான் இருந்ததாம், அதற்கு அவருடைய ஆதரவாளர்களே கோபித்துக்கொண்டார்கள்.

பாஸ்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே தரைமட்டமானபோது பாஸ்டன்காரர்கள் ஓடிப்போய் உதவினார்கள். அந்த நன்றிக்காக நோவா ஸ்கோஷியா மாகாணத்திலிருந்து வருடா வருடம் பாஸ்டனுக்கு ஒரு பெரிய மரம் வருகிறது. 2005இல் நகர நிர்வாகத்தின் இணையதளம் அதை ஹாலிடே மரம் என்று குறிப்பிட, கனடாவில் மரம் கொடுத்தவர்களுக்கே மனம் நொந்துபோனது. கடைசியில் மேயர், "நான் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றுதான் சொல்வேன்" என்று சொல்ல வேண்டி வந்தது. மரம் எதற்காக வந்தது என்ற கதை அந்தக் கூச்சலில் எங்கேயோ போய்விட்டது.

எங்கள் ஃப்ளோரைக் கலக்கிய செய்தி வால்மார்ட்டிலிருந்து வந்தது. ஹேப்பி ஹாலிடேஸ் பற்றிக் குறைப்பட்டுக்கொண்ட ஒரு வாடிக்கையாளருக்கு, வால்மார்ட்டின் சேவைப் பிரிவு ஊழியர் ஒருவர் மெயிலில் பதில் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் வழக்கங்கள் சைபீரிய மந்திரவாதிகளிடமிருந்து வந்தவை என்கிற ரீதியில் வரலாற்றுப் பாடமே எடுத்துவிட்டார். கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு புறக்கணிப்பு என்று கிளம்பியது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, அந்த ஊழியர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்றும் சொன்னது. மறு வருடமே வால்மார்ட் மெர்ரி கிறிஸ்மஸுக்குத் திரும்பிவிட்டது. நம்மைப் போல ஒரு சீட்டில் உட்கார்ந்து பதில் எழுதிய யாரோ ஒருவருக்கு வேலை போயிருக்கிறது. எங்களுக்கு அது மட்டும்தான் புரிந்தது. அன்றிலிருந்து குளோசிங்கை இன்னும் பயபக்தியோடு வாசித்தோம்.

இவ்வளவு கூச்சல் போடுகிற தேசத்தில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டிருந்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டவர்கள் நாத்திகர்கள் கிடையாது, ப்யூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவப் பிரிவினர். வேதத்தில் இல்லாத பண்டிகை, குடித்துக் கும்மாளம் போடவே உதவுகிறது என்பது அவர்கள் வாதம். 1681வரை அந்தச் சட்டம் இருந்தது. டெக்சஸ்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நப்பாசை. சொல்லியிருந்தால் வால்மார்ட் ஊழியருக்குத் துணையாக நானும் வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆனால் அந்த இரண்டு சொற்கள் வீணாகவே போயின என்றும் சொல்ல மாட்டேன். நியூயார்க்கிலிருந்து ஒரு பாட்டி பேசினார். குரல் நடுங்கியது, ஆர்டர் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். கடைசியில் நான் வாழ்த்தை வாசித்ததும், "நன்றி கண்ணே, இந்த வருடம் எங்கள் ஹனுக்காவும் 25ஆம் தேதி இரவுதான் தொடங்குகிறது" என்றார். நான் ஏதோ அவரை நினைத்துச் சொன்னதுபோல அவ்வளவு சந்தோஷம். ஹனுக்கா தின்பதா உடுத்துவதா என்று எனக்கு அப்போது தெரியாது, யூதர்களின் விளக்குப் பண்டிகை என்று பிறகுதான் தெரிந்தது. நான் வாசித்ததென்னவோ ஸ்கிரிப்ட்டைத்தான்.

பிறகு வந்த காலத்தில், கலைஞர் டிவி விநாயகர் சதுர்த்தியன்று 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று போடும்போதெல்லாம் எனக்கு அந்த குளோசிங் ஞாபகம் வரும். அச்சு அசல் ஹேப்பி ஹாலிடேஸ். அதற்கும் இங்கே வருடம் தவறாமல் கேலி, சண்டை. ஒரே ஒரு வித்தியாசம்: ஆங்கில 'ஹாலிடே' என்பது 'ஹோலி டே', புனித நாள் என்பதிலிருந்து வந்த சொல். எவ்வளவு துடைத்தாலும் உள்ளே சாமி உட்கார்ந்திருக்கிறார். நம் 'விடுமுறை'யில் அதுவும் கிடையாது. சுத்தமாக லீவு மட்டும்தான்.

சரி, நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்லை. எங்கள் டீமில் குளச்சலிலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான். எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்காருவான், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே அமெரிக்கர்கள் வாயில் வழுக்கிக்கொண்டு போகும், அதனால் அவனுக்கு மட்டும் போன் பெயர் தேவைப்படவில்லை. கோயிலுக்குப் போகிற நான் நான்சி, ஞாயிறு பூசை தவறவிடாத அவன் அவனாகவே இருந்தான். முந்தின வருடம் டிசம்பர் 26 அன்று அவனுடைய சித்தியைக் கடல் கொண்டுபோயிருந்தது. "இந்த வருசம் வீட்டுல ஸ்டாரும் கட்டல, குடிலும் வைக்கல அக்கா" என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

டிசம்பர் பதினைந்து வாக்கில் கேலிப்ரேஷன். பதிவான கால்களை ஐந்தாறு பேர் உட்கார்ந்து கேட்டு, எல்லோரும் ஒரே மாதிரி மார்க் போடுகிறோமா என்று சரிபார்க்கிற கூட்டம். சீனியர் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கால் ஓடியது. குரல் அவனுடையது. ஒரு பெண்மணி, பேச்சில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. ஹேப்பி ஹாலிடேஸ் என்று அவன் முடித்ததும், "நீ கிறிஸ்துவை வெறுக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை மேடம் என்றான். "பிறகென்ன? இரண்டு சொல்தானே? சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும்?" என்றார். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் ஃப்ளோரின் இரைச்சல் கேட்டது. அப்புறம் மெதுவாக, "மெர்ரி கிறிஸ்மஸ், மேடம்" என்றான்.

எல்லோரும் ஃபேட்டல் என்று எழுதினார்கள். நானும் ஃபேட்டல் என்றுதான் எழுதினேன். அந்த மாத இன்சென்டிவ் அவனுக்குப் போயிற்று. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று கையெழுத்துப் போடும்போது என் மனம் அதில் இல்லை. அந்தப் பெண்மணி கேட்ட கேள்வியிலேயே நின்றுவிட்டது. சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதை நான் எங்கேயோ கேட்டிருந்தேன். கேப்பில் வீட்டுக்குப் போகிற வழியில் ஞாபகம் வந்தது. கேட்டது கிடையாது, சொன்னது. சொன்னவள் நான்.

அக்டோபரில் ஆயுத பூஜை. ஃப்ளோருக்குள் கற்பூரம் கொளுத்த முடியாது, தீ அலாரம் அடித்துவிடும். அதனால் வாசலில் தீபாராதனை, கார் பார்க்கிங்கில் பூசணிக்காய், கேப் டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை நான் ஆசையாக எடுத்துக்கொண்டேன். வரிசையாக வைத்துக்கொண்டே போனேன், அவனுடையதற்கும் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அவன் மானிட்டர் பளிச்சென்று இருந்தது, டிஷ்யூவால் துடைத்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து சீட்காரியிடம், "ஒரு பொட்டுதானே, வச்சா என்ன கொறஞ்சிடும்?" என்று சொன்னேன். அவன் காதில் விழும்படியாகவே.

அந்த டெக்சஸ்காரரின் பண்டிகைக்கு நாடு முழுக்க விடுமுறை, அதுவும் சட்டப்படி. அப்படியிருந்தும் தன் பண்டிகையை யாரோ பிடுங்குகிறார்கள் என்று அவர் நினைத்தது எனக்கு அபத்தமாகத் தெரிந்திருந்தது. என் சாமிக்கு ஊரில் இரண்டு நாள் விடுமுறை, என் ஆபீசில் பொரி, கடலை, கேப் முழுக்க மாவிலை. அதில் துடைக்கப்பட்ட ஒரே ஒரு பொட்டு எனக்கு உறுத்தியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிளையன்ட் விதியைத் தளர்த்தினார்கள்: கஸ்டமர் என்ன சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லலாம். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். எதிரில் இருப்பவர் கைகூப்பினால் கைகூப்புகிறோம், கை நீட்டினால் குலுக்குகிறோம், இதற்கெல்லாம் ட்ரெய்னிங் தேவையில்லை. அவனுடைய ஃபேட்டலை யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் நான் டி.எல். ஆகியிருந்தேன். ஆயுத பூஜைக்கு முன்னால் அட்மின் மேனேஜரிடம், யார் யாருக்குப் பொட்டு வேண்டும் என்று கேட்டுவிட்டு வைக்கலாமா என்றேன். அவர் பதறிவிட்டார். "எதுக்கும்மா வம்பு? யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணினாங்களா? அப்ப பூஜையே வேண்டாம்னு மெயில் போட்டுடறேன்." இதே அறிவுதான் அந்த வருடம் டிசம்பரில் சியாட்டில் விமான நிலையத்திலும் வேலை செய்தது. ஒரு யூத குரு, கிறிஸ்துமஸ் மரங்களோடு எங்கள் ஹனுக்கா விளக்குத்தண்டு ஒன்றையும் வையுங்கள் என்று கேட்டார், இல்லையென்றால் வழக்கு என்று அவர் வக்கீல் சொன்னார். விமான நிலையத்தார் ராத்திரியோடு ராத்திரியாக மரங்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஊரே அவர்மேல் பாய்ந்தது. மரத்தை எடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வழக்குப் போட மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் மரங்கள் திரும்பி வந்தன.

மெயில் எதுவும் வேண்டாம் என்று மேனேஜரைச் சமாதானப்படுத்திவிட்டு, குங்குமக் கிண்ணத்தோடு நானே சீட் சீட்டாகப் போனேன். வைக்கவா, வைக்கவா என்று கேட்டுக்கொண்டே. பெரும்பாலானவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் டீமிலேயே மூத்தவர், "இதெல்லாமா கேட்டுக்கிட்டு நிப்பாங்க? மங்கலக் காரியம்மா, வச்சுட்டுப் போயிட்டே இரு" என்று அதட்டினார். அவருக்கு இரண்டாக வைத்தேன்.

குளச்சல் தம்பி காலில் இருந்தான். நான் கிண்ணத்தைக் காட்டி, புருவத்தால் கேட்டேன். ஹெட்செட் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "வேண்டாம் அக்கா, பொரி மட்டும் தாங்க" என்றான். ஒரு பேப்பர் கப்பில் அள்ளி, பொட்டுக்கடலை கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மியூட்டில் போட்டுவிட்டு ஒரு வாய் மென்றான். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் தன் ஸ்வெட்டர் சைஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.