லினக்ஸ் மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு செயலிகள்: வேட்ராய்டு நிறுவிப் பார்த்த அனுபவம்

கைபேசிக்கென்றே எழுதப்பட்ட சில செயலிகளை வேட்ராய்டு என்ற மென்பொருளின் மூலம் என் லினக்ஸ் மடிக்கணினியில் அன்றாடம் பயன்படுத்தும் அளவுக்கு ஓட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த முயற்சியின் நோக்கம். பாட்காஸ்ட் கேட்பதற்கு ஆண்டெனாபாட், ஒரு தமிழ் அகராதிச் செயலி, ஒரு சிறு விளையாட்டு, முடிந்தால் ஒரு வங்கிச் செயலி என்று என் பட்டியல் சிறியதுதான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுடன் வரும் எமுலேட்டரை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். கியூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கருவி ஒரு முழுக் கைபேசியையே மெய்நிகராக எழுப்பி, அதற்குத் தனியாக ஒரு கெர்னலையும் (இயங்குதளத்தின் உட்கருவை) நினைவகத்தையும் ஒதுக்குகிறது. செயலி எழுதிச் சோதிப்பவர்களுக்கு அது பொருத்தமானது. பாட்காஸ்ட் கேட்பதற்கு அது மிகை.

ஆண்ட்ராய்டு ஏற்கெனவே லினக்ஸ் கெர்னலின் மீதுதான் இயங்குகிறது என்பதால், கெர்னலைப் பொதுவாக வைத்துக்கொண்டு அதற்கு மேலுள்ளவற்றை மட்டும் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்துவைக்கும் ஓர் உறைக்குள், அடைத்துவிடலாம். இந்த எண்ணத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது 2017-இல் வெளிவந்த ஆன்பாக்ஸ். ஆனால் அதில், செயலி வரையும் ஒவ்வொன்றும் ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்காக எழுதப்பட்ட ஒரு குழாய் வழியாக வெளியே அனுப்பப்பட்டு, பிறகுதான் திரைக்கு வந்தது. 2021-இல் வந்த வேட்ராய்டு அந்தக் குழாயை எடுத்துவிட்டது. கன்டெய்னருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு, மீசா வரைகலை நூலகத்தின் மூலம் கணினியின் வரைகலைச் சில்லை நேரடியாகவே பயன்படுத்துகிறது. வரைந்து முடித்த படத்தை லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டுவதற்கான வேலண்ட் நெறிமுறையில் மேசைத்தளத்திடம் ஒப்படைக்கிறது. பெயரின் முற்பாதி அங்கிருந்து வந்ததுதான். ஆன்பாக்ஸ் திட்டம் 2023-இல் முடித்துக்கொள்ளப்பட்டது.

என் கணினி இன்டெல் பிராசசரும் அதனுடன் இணைந்த வரைகலைச் சில்லும் கொண்டது. இயங்குதளம் ஃபெடோரா லினக்ஸ்; மேசைத்தளம் க்னோம், வேலண்ட் அமர்வு. இந்தச் சேர்க்கை வேட்ராய்டுக்கு மிகவும் ஒத்துப்போவது. ஏஎம்டி வரைகலைக்கும் மீசா இருப்பதால் அங்கும் தொல்லை குறைவு. நிவிடியாவின் மூடிய டிரைவரோடு இது ஒத்துப்போவதில்லை. அங்கே பிராசசரே படம் வரையும் மென்பொருள் முறைக்கு இறங்க வேண்டியிருக்கும். வேலண்டுக்கு முந்தைய எக்ஸ்11 அமர்வில் இருப்பவர்கள் வெஸ்டன் அல்லது கேஜ் போன்ற ஒரு சிறு வேலண்ட் தளத்தைச் சாளரத்துக்குள் திறந்து, அதற்குள் வேட்ராய்டை ஓட்டலாம்.

நிறுவுவதற்கு முன் கவனிக்க வேண்டியது பைண்டர். ஆண்ட்ராய்டின் நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்வது இந்தக் கெர்னல் வசதியின் வழியாகத்தான். இது இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டின் முதல் சேவையே எழுந்திருக்காது. முன்பெல்லாம் பைண்டரையும், ஆஷ்மெம் என்ற பகிர்வு நினைவக வசதியையும் தனி மாட்யூல்களாக (கெர்னலுக்கான துணைத் துண்டுகளாக) தொகுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. 2019-இல் வெளியான கெர்னல் 5.0-இல் பைண்டர்எஃப்எஸ் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனிப் பைண்டர் சாதனங்களை உருவாக்கிக் கொடுப்பது எளிதாயிற்று. 2022-இல் வந்த 5.18-இல் ஆஷ்மெம் நீக்கப்பட்டபோது, அதன் இடத்தை லினக்ஸில் ஏற்கெனவே இருந்த மெம்எஃப்டி எடுத்துக்கொண்டது. ஃபெடோராவின் கெர்னலில் பைண்டர் இயல்பாகவே இயக்கப்பட்டிருந்ததால் எனக்கு இந்தப் படி வேலை வைக்கவில்லை. பழைய வழிகாட்டிகளில் மாட்யூல் தொகுக்கும் பகுதியைக் காண்பவர்கள் முதலில் தங்கள் கெர்னல் அமைப்பைப் பார்த்துவிட்டு, தேவையிருந்தால் மட்டும் அதில் இறங்குவது நல்லது.

மற்றபடி நிறுவல் சுருக்கமானது. ஃபெடோராவின் களஞ்சியத்திலேயே வேட்ராய்டு இருக்கிறது. முதல் தொடக்கத்தில், லினியேஜ்ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு வடிவத்தின் அடிப்படையில் கட்டிய இரண்டு வட்டுப் பிம்பங்களை (ஆண்ட்ராய்டு முழுவதும் அடங்கிய கோப்புகளை) அது இறக்கிக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். கூகுள் சேவைகள் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகைகள் உண்டு. இல்லாத வகையை எடுத்து, திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு களஞ்சியத்தின் செயலியை அதன்மேல் நிறுவினேன்.

எஃப்-டிராய்டு திறந்தது, பட்டியல் மட்டும் இறங்கவில்லை. கன்டெய்னருக்கு வெளியே செல்ல வேட்ராய்டு தனக்கென ஒரு வலைப்பாலத்தை அமைத்து, அதில் முகவரி வழங்கவும் பெயர் தேடவும் ஒரு சிறு சேவையை ஓட்டுகிறது. கணினியின் தீச்சுவர் அந்தப் பாலத்தை அந்நியமாகக் கருதினால், முகவரிக்கான 67-ஆம் போர்ட்டும் பெயர் தேடலுக்கான 53-ஆம் போர்ட்டும் அடைபட்டுப்போகும். பாலத்தை நம்பகமான மண்டலத்தில் சேர்த்ததும் இணையம் வந்தது. டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளை நிறுவியிருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குப் பொட்டலங்களைக் கடத்துவதை டாக்கர் இயல்பாகவே தடுத்துவைப்பதால், தீச்சுவர் சரியாக இருந்தும் வேட்ராய்டு வெளியுலகம் தெரியாமல் இருக்கும்.

இதன் பிறகு ஆண்டெனாபாட் ஓடிய விதத்தில் எனக்கு முழு நிறைவு. முழுத்திரைக் கைபேசியாக வேட்ராய்டைத் திறப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு செயலியும் தனிச் சாளரத்தில் வரும் பன்சாளர முறையை இயக்கிக்கொண்டேன். செயலிகளுக்கான குறுவழிகளும் க்னோமின் பட்டியலில் தாமாகவே சேர்ந்துவிடுவதால், அது ஆண்ட்ராய்டு செயலி என்பதே சில நேரம் மறந்துபோகிறது. ஒலி, கணினியின் பல்ஸ்ஆடியோ இணைப்பின் வழியே வருகிறது.

ஆனால் செயலிகள் கைபேசியை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை என்பது சிறிது சிறிதாகத் தெரிய வந்தது. வைஃபை இருக்கும்போது மட்டும் பதிவிறக்கு என்று நான் குறித்துவைத்திருந்த நிகழ்ச்சிகள் இறங்கவேயில்லை. காரணம், கன்டெய்னருக்குள் இருக்கும் இணைப்பு கம்பிவழி இணைப்பாகவே ஆண்ட்ராய்டுக்குத் தோன்றுகிறது. இந்த நிலைமையை வேட்ராய்டு எழுதியவர்களும் சந்தித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட செயலிகளிடம் மட்டும் 'இது வைஃபைதான்' என்று பொய் சொல்லும் ஓர் அமைப்பையே வைத்திருக்கிறார்கள். சுட்டியின் சொடுக்கை விரல் தொடுகையாக மாற்றிக் கொடுக்கும் அமைப்பும் அதே வகையில் இருக்கிறது. அந்தச் சிறு விளையாட்டு அதை இயக்கிய பிறகே அசைந்தது.

அகராதிச் செயலியில் வேறொரு தடை. அதை நிறுவவே முடியவில்லை. ஆண்ட்ராய்டு செயலிகளில் பெரும்பகுதி ஜாவா அல்லது கோட்லினில் எழுதப்பட்டு, எந்தப் பிராசசரிலும் ஓடக்கூடிய இடைநிலை வடிவில் வருகிறது. ஆனால் வேகத்துக்காகவோ பழைய நிரலை மறுபயன் செய்யவோ சி, சி++ மொழிகளில் எழுதிச் சேர்க்கப்படும் நூலகங்கள் குறிப்பிட்ட பிராசசர் வகைக்கென்றே தொகுக்கப்பட்டவை. ஆண்ட்ராய்டு செயலி வரும் ஏபிகே கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதைத் திறந்து 'லிப்' என்ற கோப்புறைக்குள் பார்த்தால், எந்தெந்தப் பிராசசர்களுக்கான நூலகங்கள் உள்ளன என்பது தெரிந்துவிடும். அந்தக் கோப்புறையே இல்லையென்றால் கவலை இல்லை. என் அகராதிச் செயலியில் கைபேசிகளில் பரவலாக உள்ள ஆர்ம் பிராசசரின் வகைகள் இரண்டு மட்டுமே இருந்தன. இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்குரிய எக்ஸ்86 வகை இல்லை. எந்தச் செயலியையும் இறக்கியவுடன் இதைப் பார்த்துவிடுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

இதற்குத் தீர்வாக ஆர்ம் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்க்கும் இரண்டு நூலகங்கள் புழக்கத்தில் உள்ளன: இன்டெல்லின் லிப்ஹூடினி, கூகுளின் லிப்என்டிகே. இரண்டுமே மூடிய மென்பொருள்கள் என்பதால் வேட்ராய்டு அவற்றைத் தன்னோடு சேர்த்து வழங்குவதில்லை. தன்னார்வலர்கள் எழுதிய துணை நிரல்களின் மூலம்தான் சேர்க்க வேண்டும். இன்டெல் பிராசசருக்கு முன்னதும் ஏஎம்டிக்குப் பின்னதும் ஒத்துவரும் என்பது பயனர்களிடையே நிலவும் கணிப்பு. நான் லிப்ஹூடினியைச் சேர்த்தேன். அகராதி நிறுவப்பட்டது, திறந்தது, தேடியது. திறக்கும்போது மட்டும் தயங்குகிறது.

தேடியது என்று எழுதிவிட்டேன். தமிழில் தேடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. எழுத்துகளைக் காட்டுவதில் குறையே இல்லை: கொம்பும் காலும் உரிய இடங்களில் அமர்ந்து, கைபேசியில் தெரிவதைப் போலவே தெரிகின்றன. தட்டச்சு செய்வதுதான் சிக்கல். க்னோமில் தமிழ்99 விசைகளை எழுத்துகளாக மாற்றுவது ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள். வேட்ராய்டோ எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டுமே ஆண்ட்ராய்டுக்குக் கடத்துகிறது. ஐபஸ் கட்டமைத்த 'கொ' வழியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போய்ச் சேர்வது வெறும் ஆங்கில எழுத்து. சீனம், ஜப்பானியம் எழுதுவோருக்கும் இதே நிலைதான்.

இதற்கு இரண்டு வழிகளைப் பார்த்தேன். எஃப்-டிராய்டில் கிடைக்கும் இண்டிக் கீபோர்டை உள்ளே நிறுவி, விசைப்பலகை இணைந்திருந்தாலும் திரை விசைப்பலகையைக் காட்டு என்று ஆண்ட்ராய்டு அமைப்புகளில் சொல்லிவிட்டால், சுட்டியால் ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கலாம். ஒரு சொல்லுக்குச் சரி. ஒரு வரிக்கே பொறுமை போய்விடும். மற்ற வழி, வெளியே ஏதாவதொரு பெட்டியில் தட்டச்சு செய்து, நகலெடுத்து உள்ளே ஒட்டுவது. கணினிக்கும் கன்டெய்னருக்கும் இடையே பிடிப்புப்பலகை பகிரப்பட, டபிள்யூஎல்-கிளிப்போர்டு, பைகிளிப் என்ற இரண்டு சிறு பொதிகள் தேவை. அகராதிக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. செய்தியனுப்பும் செயலியில் இப்படி உரையாட நான் முன்வர மாட்டேன்.

பட்டியலில் மீதியிருந்தது வங்கிச் செயலி. அதற்காக மட்டும் கூகுள் சேவைகள் உள்ள பிம்பத்துக்கு மாறினேன். இது சான்று பெறாத சாதனம் என்ற எச்சரிக்கை முதலில் வரும். கன்டெய்னரின் ஆண்ட்ராய்டு அடையாள எண்ணைக் கூகுளின் பதிவுப் பக்கத்தில் கொடுத்து, சற்று நேரம் காத்திருந்தால் பிளே ஸ்டோர் திறந்துவிடுகிறது. வங்கிச் செயலி இறங்கவும் செய்தது. முதல் திரையைக் காட்டிவிட்டு, இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல என்று மூடிக்கொண்டது. சாதனமும் மென்பொருளும் மாற்றப்படாதவைதாமா என்று செயலிகள் கேட்டறியப் பிளே இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் உயர் நிலைகளுக்கு, வன்பொருளிலேயே பதிந்த சாவியின் சான்று தேவை. கன்டெய்னரால் அதைத் தர முடியாது. யுபிஐ செயலிகளிலோ கதை அதற்கும் முன்பே முடிந்துவிடுகிறது: பதிவின்போது கைபேசியின் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும், இங்கே சிம்மே இல்லை. இந்தச் சோதனைகளை ஏமாற்றும் வழிகள் உலவுகின்றன. என் பணம் புழங்கும் செயலியில் அவற்றை முயல எனக்கு விருப்பமில்லை. பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, பழைய பிம்பத்துக்குத் திரும்பினேன்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது ஆண்ட்ராய்டு டிரான்ஸ்லேஷன் லேயர் என்ற வேறொரு திட்டம். வைன் என்ற மென்பொருள் விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டுகிறது; அதையே ஆண்ட்ராய்டு செயலிகளுக்குச் செய்வதே இதன் எண்ணம். கன்டெய்னரும் கிடையாது, வட்டுப் பிம்பமும் கிடையாது. ஆண்ட்ராய்டின் இயக்குநிரலான ஏஆர்டியை லினக்ஸுக்கென்று தனியாகத் தொகுத்து, செயலி அழைக்கும் ஆண்ட்ராய்டு வகுப்புகளை, லினக்ஸில் பொத்தான், சாளரம் போன்றவற்றை வரையும் ஜிடிகே4 நூலகத்தைக் கொண்டு புதிதாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே செயலியின் பொத்தான் ஜிடிகேயின் பொத்தானாகவே திரையில் வருகிறது. ஐபஸ் தமிழும் இந்த வழியில் உள்ளே போக வாய்ப்பிருக்கிறது என்பதுதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

மூலநிரலிலிருந்து தொகுப்பதற்குப் பொறுமை வேண்டும். திட்டத்தினரின் மாதிரிகளில் ஒன்றான கிராவிட்டி டிஃபைட் என்ற மோட்டார்சைக்கிள் விளையாட்டு உடனே திறந்து ஓடியது. முழு ஆண்ட்ராய்டும் எழும் வரை காத்திருக்கும் வேலை இதில் இல்லை. நானாக எடுத்துக் கொடுத்த செயலிகளில் பெரும்பாலானவை இன்னும் எழுதப்படாத ஏதோ ஒரு வகுப்பையோ செயற்கூறையோ கேட்டு நின்றுவிட்டன. எது இல்லை என்பது முனையத்தில் பெயரோடு தெரிகிறது. ஆண்டெனாபாட் எந்தெந்த வகுப்புகளில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வருகிறேன்; அவற்றில் சில, வெற்றுச் செயற்கூறை வைத்தாலே தாண்டிவிடக் கூடியவை. ஊடக இயக்கத்துக்கான பகுதி அப்படிப்பட்டதல்ல. அது வரும்வரை பாட்காஸ்ட் வேட்ராய்டில்தான்.