ஆபீஸ் கணக்கில் டூம் எட்டர்னல்

கேம் டெஸ்டர் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்களிடமிருந்து இரண்டு விதமான பதில் வரும். "நாள் முழுக்க விளையாடறதுக்குச் சம்பளமா?" என்பது ஒன்று. "சீக்கிரம் நல்ல வேலையா கிடைக்கட்டும்பா" என்பது இன்னொன்று. உண்மையில் நாங்கள் விளையாடுவது ரொம்பக் குறைவு. காலையில் புது பில்ட், அதாவது கேமின் புதுப் பதிப்பு, வந்ததும், நேற்று சரிசெய்துவிட்டோம் என்று சொன்ன பக், அதாவது கோளாறு, எல்லாம் நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரே அறையின் சுவரை ஒட்டி ஒட்டி நடந்து, எந்த மூலையில் கதாபாத்திரம் சுவருக்குள் புகுந்துவிடுகிறது என்று தேட வேண்டும். புகுந்தால், எப்படிப் புகுந்தது என்று ஒவ்வொரு படியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'எங்களுக்கு அப்படி வரவில்லை' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, இரவில் வீட்டில் இன்னொரு கேமைத் திறக்க எங்கள் டீமில் பாதிப் பேருக்கு மனசு வராது. நானும் அந்தப் பாதியில்தான்.

அதனால் அசுரர்களைச் சுட்டுத் தள்ளும் டூம் எட்டர்னல் என்ற கேம் என் கணினியில் வெகுநாள் சும்மா கிடந்தது. ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கிய அது வெளியானது 2020 மார்ச் 20. அடுத்த புதன்கிழமை நாடு முழுக்க ஊரடங்கு. ஆபீஸ் கணினியும் வீட்டுக்கு வந்து, வேலை மேசையும் விளையாட்டு மேசையும் ஒன்றாகிப்போன காலம். அதற்கு முந்தைய பாகமாக 2016-இல் வந்த டூம் எனக்கு உயிர். சூப்பர் ஷாட்கன் கைக்கு வந்துவிட்டால், பெரும்பாலான சண்டைகளை அதை வைத்தே முடித்துவிடலாம். வேறு துப்பாக்கியைத் தேட வேண்டிய அவசியம் அவ்வளவாக வராது. யோசிக்காமல் சுட்டுத் தள்ளலாம் என்ற அதே எண்ணத்தோடுதான் எட்டர்னலையும் வாங்கினேன்.

ஆட்டம் வேறாக இருந்தது. ஷாட்கனுக்குத் தொடக்கத்தில் 16 தோட்டாக்கள்தான் வைத்துக்கொள்ள முடியும். சூப்பர் ஷாட்கன் ஒரு தடவைக்கு இரண்டு தோட்டா தின்னும். ஆக எட்டு சுடுதல், அவ்வளவுதான். எல்லா மேம்பாட்டையும் வாங்கி முடித்தாலும் 24-க்கு மேல் போகாது. சண்டை சூடுபிடிக்கும்போது கை காலியாகிவிடும். இன்னொரு பக்கம், புது அசுரன் ஒவ்வொன்று வரும்போதும் ஆட்டம் நின்று, திரையில் ஒரு பெட்டி திறந்து, இவனை இப்படித்தான் கொல்ல வேண்டும் என்று பாடம் எடுக்கும். பகலில் எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் டெஸ்ட் கேஸ் படிக்கிறவனுக்கு ராத்திரியும் டெஸ்ட் கேஸ். டூம் ஹண்டர் பேஸ் என்ற நான்காவது லெவலோடு மூடிவைத்தேன். அப்புறம் சில வருடங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பப் போனது வேலை நிமித்தமாக. எங்களிடம் ஒரு மொபைல் ஷூட்டர் சோதனைக்கு வந்திருந்தது. யாருடையது, என்ன பெயர் என்று சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்காது. தொழில்நுட்ப ரீதியில் பெரிய குறை எதுவும் இல்லை. கிராஷ் ஆகவில்லை, திரைக்காட்சி ஓடும் வேகமான ஃபிரேம் ரேட் சீராக இருந்தது, பட்டன்கள் வேலை செய்தன. ஆனால் யார் விளையாடினாலும் கால் மணி நேரத்தில் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, எட்டிப் பார்த்து, ரைஃபிளால் ஒவ்வொருவனாகச் சுட்டு, மறுபடி ஒளிந்துகொண்டார்கள். அதிலேயே சண்டை முடிந்துவிடும். 'போர் அடிக்கிறது' என்பதை எந்த சீவியரிட்டியில், அதாவது எவ்வளவு தீவிரமான குறை என்று, பதிவு செய்வது?

எங்கள் டீம் லீட் ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஒரு ஷூட்டரை எடுத்துக்கொண்டு, அதில் சண்டை ஏன் சலிக்கவில்லை என்று டெஸ்டர் கண்ணோடு எழுதித் தர வேண்டும். "பிடிச்ச கேமை எடுக்காதீங்க, பாராட்டிட்டு வந்துடுவீங்க. பாதியில விட்டது ஏதாவது இருந்தா அதை எடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது என்னைப் பார்த்துத்தானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். எட்டர்னலை நான் பாதியில் விட்ட கதையை சாப்பாட்டு நேரத்தில் பலமுறை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

சரி என்று மறுபடி நிறுவினேன், இந்த முறை ஆபீஸ் கணினியில். பக் தேடும்போது செய்வது போலவே திரையைப் பதிவு செய்துகொண்டு ஆடினேன். செத்த இடங்களை மட்டும் வெட்டி, மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒரு எக்செல் தாளில் எழுத ஆரம்பித்தேன். எந்த இடம், யார் கொன்றது, அப்போது எந்தத் துப்பாக்கி கையில் இருந்தது, இதெல்லாம் வழக்கமான பத்திகள். பழக்க தோஷத்தில் இன்னொரு பத்தியும் போட்டேன்: சாகும்போது கைவசம் என்னென்ன மிச்சம் இருந்தது?

விஷயம் அந்தப் பத்தியில்தான் இருந்தது. சாவுக்குச் சாவு, செயின்சாவில் எரிபொருள் இருந்திருக்கிறது. கையெறி குண்டு தயாராக இருந்திருக்கிறது. தோளில் இருக்கும் தீ கக்கும் கருவி முழுக்க நிரம்பியிருந்திருக்கிறது. நான் மட்டும் தோட்டா இல்லாத ஷாட்கனைப் பிடித்துக்கொண்டு, எங்காவது தரையில் தோட்டா கிடைக்குமா என்று பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எட்டர்னலில் தேவையானது தரையில் அதிகம் கிடைக்காது, அசுரர்களிடம் இருக்கிறது. தோட்டா வேண்டுமா, சின்ன அசுரன் ஒருவனைச் செயின்சாவால் அறுக்க வேண்டும். உடனே பலவகைத் தோட்டாக்கள் கொட்டும். செயின்சாவுக்கு மூன்று புள்ளி எரிபொருள் உண்டு. அதில் ஒன்று மட்டும் தானாகவே திரும்ப நிரம்பும், சின்ன அசுரனுக்கு அந்த ஒன்று போதும். உயிர் வேண்டுமா, அடிபட்டுத் தள்ளாடி மின்னுகிறவனை நெருங்கிக் கையால் முடிக்க வேண்டும். குளோரி கில் என்பது அதுதான். கவசம் வேண்டுமா, தீ வைத்துவிட்டு அடிக்க வேண்டும். எல்லாமே பக்கத்தில் போனால்தான். ஒதுங்கி நிற்கிறவனுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. 16 தோட்டா என்ற கணக்கு கஞ்சத்தனம் இல்லை, முன்னால் பிடித்துத் தள்ளுகிற கை.

இதை நான் டீமில் விளக்கிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவன், பள்ளியில் கபடி ஆடியவன், "இது ரெய்டு போறதுதான் அண்ணே" என்றான். யோசித்தால் அப்படியே பொருந்துகிறது. நம் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் புள்ளி வராது. பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டி அவர்கள் களத்துக்குள் போக வேண்டும், 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கே ஒருவனைத் தொட்டு வெளியேற்றினால் இங்கே வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவன் உள்ளே வருவான். குளோரி கில் அடித்தால் உயிர் கூடுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அறிக்கையில் அதை அப்படியே சேர்த்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கபடி விதிகளை அடிக்குறிப்பில் விளக்க வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.

புரிந்த பிறகு கை தானாக மாறவில்லை. விரல்களுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அசுரனுக்கும் ஒரு பதில் உண்டு. கக்கோடீமன் வாயைத் திறக்கும்போது கையெறி குண்டை உள்ளே போட்டால் விழுங்கிவிட்டு, உடனே குளோரி கில்லுக்குத் தயாராக மயங்கி நிற்கும். அரக்னோட்ரான் தலைமேல் இருக்கும் பீரங்கியை முதலில் உடைக்க வேண்டும். மான்குபஸுக்கு இரண்டு கைத் துப்பாக்கிகள். ரெவனன்டுக்குத் தோள்கள். முதல் தடவை என்னை எரிச்சலூட்டிய அந்தப் பாடப் பெட்டிகள் எல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நடுவில் நிறுத்திச் சொன்ன விதம் இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்ன விஷயம் முழுக்கச் சரி. ஆட்டத்தின் இயக்குநர் ஹியூகோ மார்ட்டின் பேட்டிகளில் 'ஃபன் ஸோன்' என்று ஒன்றை அடிக்கடி சொல்வார். ஆட்டக்காரர் வேறு எப்படி ஆடினாலும் மறுபடி அந்த வட்டத்துக்குள் தள்ளிவிடுவதுதான் அவர்கள் திட்டம். வட்டத்துக்கு வெளியே நின்று நான் சலித்துக்கொண்டதையும் அவர்கள் எதிர்பார்த்துத்தான் இருந்திருப்பார்கள்.

தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு வேகத்தில், இவ்வளவு ரத்தமும் தீயும் திரையில் தெறிக்கும்போது, என் வீட்டில் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டிலும் ஃபிரேம் ரேட் பெரிதாகச் சறுக்கவில்லை. ஆட்டத்தை ஓட்டும் எஞ்சின் ஐடி டெக் 7, கிராபிக்ஸ் கார்டோடு பேச வல்கன் என்ற மென்பொருள் இடைமுகம் மட்டும். அதே 2020 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் இதை ஓடவைத்தார்கள். அந்தச் சின்னக் கருவியில் இந்த ஆட்டம் ஓடுவதைப் பார்த்து எங்கள் டீமில் ஒருவர், "இதுக்கு டெஸ்ட் பண்ணவங்களுக்கு யாராவது சோறு போட்டாங்களா?" என்று கேட்டார்.

குறைகள் அப்படியேதான் இருக்கின்றன. சில இடங்களில் தரையெல்லாம் ஊதா நிறச் சகதி. அதில் கால் வைத்தால் தாவவும் முடியாது, சட்டென்று பாய்ந்து விலகும் டேஷ் அடிக்கவும் முடியாது. ஓடு ஓடு என்று பழக்கிவிட்டு இங்கே மட்டும் காலைப் பிடித்துக்கொள்வானேன்? நீருக்கடியில் நீந்தும் பகுதிகளையும் வெட்டிவிட்டிருக்கலாம். பிறகு மராடர்.

ஏஆர்சி காம்ப்ளெக்ஸ் லெவலின் கடைசியில் அவன் முதல்முறை வருவான். கையில் கோடரியும் கேடயமும். பக்கத்தில் போனால் ஷாட்கனால் அடிப்பான், தூரம் போனால் கோடரி வீச்சைப் பறக்கவிடுவான். நடுத்தர தூரத்தில் நின்று, அவன் கண்ணில் பச்சை ஒளி மின்னும் அந்தக் கணத்தில் சுட்டால்தான் உண்டு. மற்ற நேரத்தில் கேடயம் தடுத்துவிடும். இவ்வளவு நேரம் முன்னால் போ என்று சொன்ன ஆட்டம் திடீரென்று காத்திரு என்கிறது. இதை டிசைன் குறை என்றே அறிக்கையில் எழுதினேன். லீட் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நைட்மேர் என்ற மிகக் கடினமான நிலையில் முடித்தவர்.

"மத்த எல்லாரையும் எதை வச்சு அடிக்கணும்னு கேக்குது. இவன்கிட்ட மட்டும் எவ்ளோ தூரத்துல நிக்கணும்னு கேக்குது. அதுவும் வேணும்ல?"

"வேணும் மேடம். தனியா கேட்டா சரி. கூட்டத்துக்கு நடுவுல கொண்டுவந்து விட்டா?"

"அப்ப கூட்டத்தை முதல்ல முடிங்க."

அறிக்கையில் இரண்டு கருத்தையும் போட்டோம். அவருடையது மேலே, என்னுடையது கீழே. பதவி அப்படி.

எங்கள் மொபைல் ஷூட்டருக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் கடினமான பகுதி. எட்டர்னலில் இரண்டு கையின் எல்லா விரலுக்கும் வேலை உண்டு. போனில் இரண்டு கட்டைவிரல்தான். செயின்சா, தீ, குண்டு, குளோரி கில் என்று பட்டன் அடுக்கினால் அசுரன் தெரியவே மாட்டான். ஆகவே ஒன்றை மட்டும் பரிந்துரைத்தோம்: ரைஃபிளின் தோட்டாவைக் குறையுங்கள், அருகில் போய்க் கொன்றால் தோட்டா விழும்படி செய்யுங்கள்.

அடுத்தடுத்த பில்டுகளில் அதை முயன்று பார்த்தார்கள். முதல் பில்டில் எங்கள் டெஸ்டர்களே திட்டினார்கள். 'தோட்டா போதவில்லை' என்று, பக் பதிவு செய்யும் மென்பொருளான ஜிராவில் வரிசையாகப் பதிவு. 2020-இல் நான் சொன்ன அதே வார்த்தை. அந்தப் பதிவுகளை வகைப்படுத்தும் வேலை என்னிடம்தான் வந்தது. மூடாமல், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்: தோட்டா தீர்ந்தபின் அடுத்த ஐந்து விநாடி என்ன செய்தீர்கள்? வீடியோ இணைக்கவும். வந்த வீடியோக்களைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எதிரி விழுந்த இடத்தில் தோட்டா கிடப்பது போனின் சின்னத் திரையில் கண்ணுக்கே படவில்லை. மங்கலான பழுப்புப் பெட்டி, பழுப்புத் தரை. எட்டர்னலில் தோட்டா, உயிர், கவசம் மூன்றுக்கும் கண்ணைப் பறிக்கும் தனித்தனி நிறம். பொம்மைக்கடை மாதிரி இருக்கிறது என்று முதல் தடவை நான் கிண்டலடித்ததும் அந்த நிறங்களைத்தான். பெட்டியின் நிறத்தை மாற்றச் சொன்னோம். மாற்றிய பில்டில் தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் குறைந்தார்கள். திட்டுவது முழுக்க நிற்கவில்லை.

அந்தக் கேம் பிறகு கிடப்பில் போடப்பட்டது. எங்கள் வேலையில் இது சாதாரணம். காரணம் எங்கள் வரைக்கும் வராது. 'அடுத்த ஐந்து விநாடி' கேள்வி மட்டும் டீமின் பக் படிவத்தில் தங்கிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்கிறார்கள்.

எட்டர்னலை அப்புறம் வீட்டிலும் முடித்தேன், எக்செல் இல்லாமல். மராடரைக் கண்டால் இன்றும் முகம் சுளிக்கிறேன். 2025 மே மாதம் அடுத்ததும் வந்துவிட்டது, டூம்: தி டார்க் ஏஜஸ். கையில் கேடயம், பறந்து திரிவதைக் குறைத்து, நின்று தடுத்து அடிக்கச் சொல்கிறது. எதிரியின் அடியைத் தடுக்கக் கிடைக்கும் நேரத்தையும், ஆட்டத்தின் வேகத்தையும்கூட நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். லீட் முடித்துவிட்டு, "மராடர் மாதிரிதான், முழு கேமும்" என்று என்னை வெறுப்பேற்றினார். அவர் சொல்வது சரியா என்று பார்க்கலாம் என்றால், அந்த ஆட்டத்துக்கு ஒளியின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம். என் 1650-இல் அது கிடையாது. ஆபீஸ் கணினியில் உண்டு, ஆனால் இந்த முறை யாரும் அறிக்கை கேட்கவில்லை.