ஆட்சி மாற்றமும் பராமரிப்பு விசாவும்: லெஸ்டர் நாட்குறிப்பு

4 ஜூலை 2024

இன்று பிரித்தானியப் பொதுத்தேர்தல். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நான் பணியாளர் நிர்வாகம் பார்க்கும் முதியோர் இல்லத்தில், ஏப்ரலில் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பணிப்பெண் இரவுப்பணி முடிந்த கையோடு வாக்களித்துவிட்டு வந்தார். இங்கு வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. அடையாளச் சான்றாக அவர் காட்டியது, விசா விவரம் அச்சிட்ட பிஆர்பி அட்டை. "ஆட்சி மாறினா பாப்பாவைக் கூட்டிட்டு வர விடுவாங்களாக்கா?" என்று கேட்டார். மார்ச் 11 முதல், முதியோர் பராமரிப்பு வேலைக்கான இந்த விசாவில் வருவோர் குடும்பத்தினரை அழைத்துவரக் கூடாது என்று இப்போதைய அரசு விதித்துவிட்டதால், குழந்தை பாட்டியிடம் வளர்கிறாள்.

10 ஜூலை 2024

5ஆம் தேதி பிரதமரான தொழிற்கட்சியின் ஸ்டார்மர், புகலிடம் தேடி வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் முந்தைய அரசின் திட்டத்தை வந்த வேகத்தில் கைவிட்டார்; குடும்பத் தடையில் கை வைக்கவில்லை. நிகரக் குடியேற்றத்தை (வருவோரில் வெளியேறுவோரைக் கழித்த எண்ணிக்கையை) குறைப்போம் என்று தொழிற்கட்சியின் தேர்தல் அறிக்கையே சொல்லியிருந்தது. இதை மதுரைப் பெண்ணிடம் மழுப்பாமல் சொல்லிவிட்டேன்.

18 ஜனவரி 2025

புதிய அரசு செய்த நல்லதையும் எழுத வேண்டும். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் ஸ்பான்சர் உரிமத்துக்கும், ஒவ்வொரு பணியாளருக்கும் அவர் வழங்கும் சிஓஎஸ் என்ற சான்றுக்கும் ஆகும் செலவை முதலாளிகள் இனிப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது என்ற விதி டிசம்பர் 31 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் ஏஜென்ட் கேட்ட லட்சங்களுக்காக ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு வந்தவருக்கு இது உதவாது. விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும்வரை, கடன்பட்டவர் எந்த அநியாயத்தைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார்.

12 ஏப்ரல் 2025

ஜூலை 2022 முதல் டிசம்பர் 2024 வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் உரிமங்கள் ரத்தாகியுள்ளன. தவறு செய்தது முதலாளியாக இருந்தாலும், 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டியவர் பணியாளர்தான். இங்கிலாந்தில் இந்த 9ஆம் தேதி முதல், வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கும் முன் இப்படித் தவிப்பவர்களுக்கு வேலை தர முயல வேண்டும் என்பது விதி. அப்படி ஒருவரை நேற்று நேர்காணல் செய்தேன். வாரத்துக்கு 39 மணிநேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்க, அவர் நீட்டிய சம்பளச் சீட்டில் அதில் பாதிகூட இல்லை. ஒரே முதலாளியோடு கட்டாமல், துறை முழுவதற்கும் பொதுவான விசா வேண்டும் என்று யூனிசன் தொழிற்சங்கம் கேட்பது முற்றிலும் நியாயம்.

எங்கள் முதலாளியின் கவலையும் பொய்யல்ல. பணியாளர் சம்பளத்தின் மீது முதலாளிகள் அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீடு இம்மாதம் 13.8 விழுக்காட்டிலிருந்து 15 ஆகிவிட்டது. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு; இந்த விசாவுக்கோ இனி 12.82 பவுண்டு தர வேண்டும். முதியோரின் பராமரிப்புக்காக உள்ளாட்சி கவுன்சில் தரும் கட்டணம் இந்த வேகத்தில் ஏறுவதில்லை.

12 மே 2025

குடியேற்றக் கொள்கை பற்றிய அரசின் வெள்ளை அறிக்கை வெளியானது. வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர் எடுப்பதை நிறுத்தப்போகிறார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கான காத்திருப்பை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக்கவும் முன்மொழிந்துள்ளனர். கொரோனா காலத்தில் ஆளில்லாமல் திண்டாடி, 2022 பிப்ரவரியில் கதவைத் திறந்து அழைத்த நாடு, வந்தவர்கள் பாதி வழியில் இருக்கும்போது தூரத்தைக் கூட்டுவது அறமாகாது. முன்பு ஆண்ட கன்சர்வேடிவ் கட்சி குடும்பத்தைத் தடுத்தது, இந்தக் கட்சி வேலையையே நிறுத்துகிறது. முதலாளியோடு கட்டிய கயிற்றை இருவருமே அவிழ்க்கவில்லை.

22 ஜூலை 2025

வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர் எடுப்பதை நிறுத்தும் புதிய விதி இன்று அமலாகிறது. ஏற்கெனவே இங்கு இருப்பவர்கள் விசாவை நீட்டிக்கலாம். வேறு விசாவிலிருந்து இதற்கு மாறுவதற்கு 2028 ஜூலை வரை அவகாசம் உண்டு. ஆகஸ்ட் இரவுப்பணிப் பட்டியலில் மூன்று கட்டங்கள் காலியாக இருக்கின்றன. உள்ளூர் ஆட்கள் எங்கே என்று முதலாளி கேட்டார். பேரங்காடியில் இதே கூலிக்கு இரவு விழிப்பும் முதியவரைத் தூக்கிப் புரட்டும் முதுகுவலியும் இல்லையே என்றேன். பராமரிப்புத் துறை முழுவதற்கும் நியாய ஊதிய ஒப்பந்தம் என்று தொழிற்கட்சி தந்த வாக்குறுதியை முதலில் நிறைவேற்றிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

மதுரைப் பெண்ணின் விசா 2027 ஏப்ரலில் முடிகிறது. நீட்டிப்பு விண்ணப்பக் கட்டணத்தையும் நிர்வாகமே ஏற்க வேண்டும் என்று இன்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.