எறியாத பந்துக்குத் தண்டனை

"சேர், நான் பந்தை எறியவே இல்லையே!"

15 வயதுப் பையன். கண் கலங்கிவிட்டது. ஹட்டன் பக்கத்து மைதானத்தில் பேஸ்போல் ஆட்டம், மூடுபனியில் மறுகோடி தெரியவில்லை.

எறியவில்லைதான். அதுதான் பிழையே. பேஸில், அதாவது ஓடித் தொட வேண்டிய தளத்தில், ஓட்டக்காரன் நிற்கும்போது பந்தெறிபவன் எறியத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினால் அது 'போல்க்'. ஓட்டக்காரனுக்கு ஒரு பேஸ் சும்மா கிடைக்கும்.

தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? அங்கே ஓடிவந்து பாதியில் நின்று திரும்பிப் போனாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பேஸ்போலில் அது ஓட்டக்காரனை ஏமாற்றும் வேலை. விதியைச் சொல்லிக்கொடுக்காமல் கையில் கையுறையை மட்டும் மாட்டிவிட்ட பெரியவர்கள் நாங்கள். நடுவராக நின்ற எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அப்புறம் அடுத்த துடுப்பாட்டக்காரனைக் கூப்பிட்டால், ஆளைக் காணோம். தன் முறைக்கு முன்பே ஹெல்மெட் போட்டு, மட்டையோடு தயாராக நிற்க வேண்டியவன்.

ஹெல்மெட்டோடுதான் இருந்தான். மதிலோரம், அம்மா கொண்டுவந்த ரொட்டியும் பிளேன்டீயுமாக.

"ஒரு வாய் சேர், வந்துட்டேன்!"

ஆட்டத்தை நிறுத்திவைத்தேன். இதற்கு எந்த விதியும் கிடையாது.